இடது மேல் பக்கம்

திங்கட்கிழமை இடிக்கிறார்கள் என்று
யாரும் வந்து சொல்லவில்லை.
காம்பவுண்டுச் சுவரில்
சுண்ணாம்பால் போட்ட ஒரு பெருக்கல் குறி போதும்;
அதைப் படிக்கப் பழகிவிட்டேன்.
வாரத்தில் ஆறு நாள்
அஞ்சு ரோட்டு மாடியில், ஏசி அறையில்
கல்யாணப் பெண்களின் பருக்களை
ஒவ்வொன்றாய் அழிக்கிற உத்தியோகம்.
ஞாயிறு மட்டும்
இருப்பதை இருக்கிறபடி.

கருப்பூர் தாண்டி
வெள்ளைக்கல் கம்பெனியின் ஆஸ்பத்திரி.
மூடிப் பதினெட்டு வருஷம்.
வேப்பிலைகூட மாவு பூசி நிற்கிற இடம்,
மழை அதைக் கழுவாது, குழைத்து ஒட்டும்.
ஸ்கூட்டியை வேலிக்காத்தான் மறைவில் நிறுத்திவிட்டு
"பாம்பு வந்தா நீ முன்னாடி போ" என்றாள் ஹெப்சிபா.
ஸ்கேன் சென்டரில் இரவு ஷிப்ட் முடித்து
தூங்காமல் வந்திருந்தாள்.

கட்டிலில்லாத சுவரில் கட்டில் எண்கள்.
பதினான்கின் கீழ் ஒரு தேன்கூடு.
எடுத்தேன்.
பிரசவ அறையில் டைல்ஸைப் பெயர்த்துப் போயிருந்தார்கள்,
பசைத் தடம் கட்டம் கட்டமாய்க் கணக்கு நோட்டு.
எடுத்தேன்.
மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில்
கண் திறக்காத நாலு குட்டிகள்.
ஃபிளாஷ் போடவில்லை.

பிறகு எக்ஸ்ரே அறை.
சிவப்பு பல்பு இன்னும் தொங்குகிறது.
என் தொழிலுக்குப் பங்காளி வீடு.
பழுப்புக் கவர்களில் பாதியைப் பூச்சி தின்றிருக்க
முழுசாய் வந்தது ஒன்று:
அங்கமுத்து, டோக்கன் 2217, வயது 38.
கவரின் மூலையில் நீல மையில் 'நார்மல்'.

உடைந்த ஜன்னலில் பிடித்தேன்.
விலா எலும்புகளுக்குள்
சேர்வராயன் மலை வந்து உட்கார்ந்தது.
நாலாவது எலும்பில் ஏற்காட்டு பஸ் ஒன்று
கண்ணாடி மினுக்கித் திரும்பியது.
மலையைத் தெளிவாக்கினால் எலும்பு கலங்கும்,
எலும்பைத் தெளிவாக்கினால் மலை.
பரிசு வாங்கும் படம் இது என்று
மனசுக்குள் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

"ஆட்டாதே."
ஃபிலிமைத் தொடாமல் நின்றது அவள் விரல்.
"இடது மேல் பக்கம்."
பஞ்சு ஒட்டியதுபோல் கொஞ்சம் வெள்ளை.
பூஞ்சை என்றேன்.
"பூஞ்சை மேல இருக்கும். இது உள்ள இருக்கு."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"நான் டெக்னீசியன், ரிப்போர்ட் எழுதக் கூடாது.
ஆனா இது என் மிஷின்ல வந்திருந்தா
ஆளை உக்கார வெச்சிட்டு
டாக்டர் ரூமுக்கு ஓடியிருப்பேன்."

இன்னொன்றை உருவினாள். இன்னொன்று.
ஒட்டிக்கொண்டதை எச்சில் தொட்டுப் பிரித்தாள்.
வேறு வேறு நெஞ்சு, வேறு வேறு வயசு.
கவரில் அதே கை, அதே நீலம்,
அதே நான்கு எழுத்து.

கோணம் பார்க்கவில்லை, வெளிச்சம் பார்க்கவில்லை.
கவரும் ஃபிலிமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
ரேஷன் கார்டுக்கு எடுப்பதுபோல்
முப்பத்தொரு ஜோடி.
மலை ஜன்னலிலேயே நின்றது,
அதை எடுக்கத் தோன்றவில்லை.

வெளியே வந்தால்
ஒரு நாள் முந்தியே வந்துவிட்டது ஜேசிபி.
ஓமலூர்ப் பக்கம், பேர் மாதையன்.
பக்கெட்டின் மேல் ஒரு கால் வைத்து
"சார், ஸ்டேட்டஸுக்கு ஒண்ணு" என்றான்.
பேட்டரியில் கடைசிக் கோடு.
எடுத்தேன்.
அவன் தோளுக்குப் பின்னால்
தூணும் போர்ட்டிகோவும் கலங்கலாய், ஆனால் முழுசாய்.
முகப்பை எடுக்க மறந்திருந்தேன்,
இனி இதுதான்.

திரையைக் குனிந்து பார்த்தான். பிடித்திருந்தது.
"பின்னாடி அந்தப் பாழடைஞ்சதை மட்டும்
அழிச்சுத் தர முடியுமா சார்?"

முடியும் என்றேன்.
பருவைவிடச் சுலபம்.

ஸ்கூட்டியில் எங்களுக்கு நடுவே
அவள் பையில் முப்பத்தொரு நெஞ்சு.
வேகம் கூடக் கூடத் தகரம்போல் அதிர்ந்தன.
ஜங்ஷன் சிக்னலில் நின்றபோது
திரும்பாமல் கேட்டாள்,
"அந்தத் தேதிக்கு முப்பத்தெட்டுன்னா
இப்ப என்ன வயசு?"

விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.
பச்சை விழுந்தது.